இரவில் கார் எங்கே நிற்கிறது?

1993-ல் டெல்லியில் நடந்த வாகனக் கண்காட்சியில் இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டிக் கார் நின்றது. பெயர் லவ்பேர்ட். எடி எலெக்ட்ரிக் என்ற நிறுவனம் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்துடைய தொழில்நுட்பத் துணையோடு செய்த கார் அது. கேரளத்தின் சாலக்குடியும் நம் கோயம்புத்தூரும்தான் அதன் பிறப்பிடம். பெட்ரோல் டேங்க் கிடையாது. ஈய அமில பேட்டரியில் ஓடும். எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றினால் 60 கிலோமீட்டர் போகலாம். செங்குத்தான மேட்டைக் கண்டால் மட்டும் திணறிவிடும். நீலகிரி மலையைத் தினமும் அண்ணாந்து பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர்களிடம் மலை ஏறாத காரை எப்படி விற்பது? சொற்பமான வண்டிகளோடு அந்தக் கதை முடிந்துபோனது.

முப்பது ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயின் மின்சார கிரெட்டா தயாராகிறது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் கட்டிய ஆலை 2025 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. மகிந்திராவின் மின்கார்கள் உருவானதில் செங்கல்பட்டை ஒட்டியுள்ள அதன் ஆய்வு மையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இருந்து மின்ஸ்கூட்டர்கள் நாடு முழுக்கப் போகின்றன. ஆனால், நாட்டில் விற்கும் கார்களின் கணக்கைப் பார்த்தால் வேறு சித்திரம். 2024-25 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களில் மின்கார்கள் ஏறத்தாழ ஒரு லட்சம்தான். நூற்றுக்கு மூன்றுகூடத் தேறவில்லை.

மிச்சமுள்ள தொண்ணூற்றேழு பேரும் புதுமைக்குப் பயந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களில் பலரும் ஷோரூமுக்குப் போய், ஓட்டிப் பார்த்து, பிடித்திருந்தும் திரும்பி வந்தவர்கள். தடுத்தது எது?

பெட்ரோல் காலத்தில் வாங்குபவரின் முதல் கேள்வி, “எவ்வளவு கொடுக்கும்?” என்பதுதான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். மின்கார் வந்த பிறகு அதே பழக்கத்தில், “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?” என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முதல் கேள்வி அதுவல்ல. அன்றாடம் கார் ஓட்டும் ஒரு சராசரிக் குடும்பத்துக்கு மின்கார் ஒத்துவருமா என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கார் இரவில் எங்கே நிற்கிறது, அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதுதான்.

ஓடுமா?

முதலில் அந்தப் பழைய கேள்வியை முடித்துவிடலாம். மின்கார் பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கிலோவாட் அவர் என்பது வேறொன்றுமல்ல, வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட். சந்தையில் உள்ளவற்றில் மிகச் சிறிய கார்களில் ஒன்றான எம்ஜி காமெட்டின் பேட்டரி 17.3 யூனிட் பிடிக்கும். நிறுவனம் சொல்லும் தூரம் 230 கிலோமீட்டர். அதில் எழுபது சதவீதம்தான் சாலையில் கிடைக்கும் என்று வைத்தாலும் 160 கிலோமீட்டர். தாம்பரத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை என்றிருப்பவர் போக வர நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுவார். வழியில் பிள்ளையை டியூஷனில் இறக்கிவிட்டு, காய்கறி வாங்கி வந்தாலும் 50-ஐத் தாண்டாது. மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். அன்றாடத் தேவைக்கு, மிகச் சிறிய பேட்டரியே தாராளம்.

எழுபது சதவீதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? இந்தியாவில் வாகனங்களுக்குச் சான்றளிக்கும் சோதனையில் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. சோதனைக் கூடத்தில், ஏசி அணைத்த நிலையில், ஒழுங்கான கதியில் ஓடும் ஓட்டம் அது. சாலை அப்படி இருக்காது. டாடா நிறுவனமே 2024-ல் வந்த 45 யூனிட் நெக்ஸானுக்குச் சான்றளிக்கப்பட்ட தூரம் 489 கிலோமீட்டர் என்று போட்டு, நடைமுறையில் 350 முதல் 370 வரை எதிர்பார்க்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் எண்; வாங்குபவர் நம்ப வேண்டியது இரண்டாவது.

போக்குவரத்து நெரிசலில் மாட்டினால் பேட்டரி தீர்ந்துவிடும் என்பது பரவலான பயம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காரின் ஏசி மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். கிண்டி கத்திப்பாராவில் இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றாலும் மூன்று யூனிட்தான், அதாவது இருபது கிலோமீட்டர் தூரத்துக்கான மின்சாரம்தான் போகும். பெட்ரோல் காரின் இன்ஜின் நின்றபடியே உறுமிக்கொண்டு எரிபொருளைக் குடிக்கும். மின்காரின் மோட்டார் நிற்கும்போது எதையும் குடிப்பதில்லை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும் நகரம்தான் மின்காருக்குப் பிடித்த நிலம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்.

லவ்பேர்ட் தோற்ற மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில். ஆட்களும் பைகளுமாக 1,700 கிலோ எடையுள்ள காரை அந்த 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கேட்பது ஏறத்தாழ 9 யூனிட். சாதாரணமாக ஓடுவதற்கு ஆகும் செலவு தனி. 30 யூனிட் பேட்டரியோடு கிளம்புபவர் மேலே போய்ச் சேரும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். பயந்துவிட வேண்டியதில்லை. இறங்கும்போது அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். பர்லியாறு தாண்டி வரும்போது டயல் ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்து பேசுவது மின்கார்க்காரர்களிடம் வழக்கமான பேச்சு. பிரேக் சூடாகிப் புகைவதும் இல்லை. ஒரே எச்சரிக்கை, மேலிருந்து இறங்கக் கிளம்பும்போதே நூறு சதவீதம் நிரப்பியிருந்தால் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை வைக்க பேட்டரியில் இடம் இருக்காது.

நெடுந்தூரம்தான் உண்மையான சோதனை. சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். 51.4 யூனிட் பேட்டரி உள்ள மின்சார கிரெட்டாவுக்கு அது அறிமுகமான 2025 ஜனவரியில் சொல்லப்பட்ட தூரம் 473. எழுபது சதவீதக் கணக்கில் 330. ஆக, வழியில் ஒருமுறை நிறுத்தினால் போதும். வேகமான சார்ஜரில் பத்து சதவீதத்திலிருந்து எண்பது வரை ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். உளுந்தூர்பேட்டையைத் தாண்டிச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் நேரம் அதில் கழிந்துவிடும். அதே பயணத்தை 24 யூனிட் டியாகோவில் போனால் மூன்று முறை நிறுத்த வேண்டும். பெட்ரோல் காரில் ஏழெட்டு மணி நேரத்தில் முடிகிற பயணம் பத்து மணியைத் தாண்டும்.

அதுவும் சாதாரண நாளில். பொங்கலுக்கு முந்தைய இரவு பெருங்களத்தூரிலிருந்து பரனூர் டோல்கேட் வரை வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் காட்சி ஒவ்வோர் ஆண்டும் செய்தியாகிறது. பெட்ரோல் பங்கில் ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டே துப்பாக்கிகள் உள்ள சார்ஜிங் நிலையத்தில் முன்னால் நான்கு கார்கள் நின்றால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதில் ஒரு சார்ஜர் பழுது என்றால் கேட்கவே வேண்டாம். நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம், நகரில் மூன்று கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒன்று என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2019-லேயே சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நிலையத்தை நிறுவுவதற்குப் பணம் இருக்கிறது. நிறுவியது ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

ஆனாலும் சொந்த ஊருக்கு வருடத்தில் மூன்று முறை போகும் குடும்பம், மீதி 350 நாளும் நகருக்குள்தான் ஓட்டுகிறது. அந்த 350 நாளின் கதை வீட்டு வாசலில் தீர்மானமாகிறது.

பிளக் எங்கே?

சொந்த வீடு, வாசலில் கார் நிறுத்த இடம். இவருக்கு மின்காரைப்போல வசதியான வண்டி வேறில்லை. வாஷிங் மெஷினுக்கும் கெய்சருக்கும் போடும் அதே 15 ஆம்பியர் பிளக் போதும். மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். இரவு பத்து மணிக்குச் சொருகினால் காலை ஆறு மணிக்குள் 150 கிலோமீட்டருக்கான சார்ஜ் ஏறியிருக்கும். பங்க் வரிசை கிடையாது, சில்லறைப் பிரச்சினை கிடையாது. செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது போலத்தான். மூன்று மணி நேரத்தில் வேகமாக ஏற்றும் சுவர் சார்ஜர் வேண்டுமென்றால்தான் த்ரீ பேஸ் இணைப்பும் கூடுதல் மின்பளு அனுமதியும் தேவைப்படும்.

இங்கும் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். எர்த் சரியில்லை என்றால் காருடன் வரும் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுத்துவிடும். லோ வோல்டேஜ் உள்ள கிராமப்புறங்களிலும் இதே தலைவலி. எர்த் கோளாறு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு எர்த் குழி வெட்டினால் தீர்ந்துவிடும் விஷயம். ஆனால், காரை வாங்கி வந்த இரவில் இதைக் கண்டுபிடிப்பது நல்ல அனுபவமாக இருக்காது.

அடுத்தது அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் வீடு, தரைத்தளத்தில் பார்க்கிங். வீட்டு மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். இழுக்கலாமா என்று சங்கத்திடம் கேட்டால்தான் ஆட்டம் தொடங்கும். பொதுச் சுவரில் துளை போடக் கூடாது என்பார் ஒருவர். எல்லோரும் நாளை கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்பார். 2022 கோடையில் மின்ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த செய்திகள் கிளப்பிய பயம் இன்னும் அடங்கவில்லை. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் அந்த ஆண்டு டிசம்பரிலிருந்தே கடுமையாக்கப்பட்டதும், இப்போது பல கார்களில் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி எளிதில் தீப்பிடிக்காத ரகம் என்பதும் சங்கக் கூட்டத்தில் யாரும் எடுத்துச் சொல்லாத தகவல்கள். கூட்டம் தேநீரோடு முடியும். தீர்மானம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

கேட்பவர்களின் பயத்திலும் நியாயம் இல்லாமலில்லை. முப்பது வீடுகள் உள்ள கட்டடத்தில் பத்துக் கார்கள் ஒரே நேரத்தில் இரவு எட்டு மணிக்குச் சார்ஜ் போட்டால், அந்நேரம் வீட்டு ஏசிகளும் சேர்ந்து கொண்டால், பளு எகிறத்தான் செய்யும். தீர்வு இல்லாத சிக்கல் அல்ல இது. நள்ளிரவுக்குப் பிறகு சார்ஜ் தொடங்கும்படி காரிலேயே நேரம் குறித்துவிடலாம். எத்தனை வண்டி சொருகியிருக்கிறதோ அதற்கேற்பப் பங்கிட்டுக் கொடுக்கும் சார்ஜர்களும் வந்துவிட்டன. ஆனால் யாராவது உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூன்றாவது வகைக்காரர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திருவல்லிக்கேணியிலும் மேற்கு மாம்பலத்திலும் மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலும் தார்ப்பாய் போட்டு மூடித் தெருவோரம் நிற்கும் கார்களின் சொந்தக்காரர்கள் இவர்கள். இன்று கிடைத்த இடத்தில் நாளை வேறொருவரின் ஸ்கூட்டர் நிற்கும். மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவது சட்டப்படியும் தப்பு, மழைக்காலத்தில் உயிருக்கும் ஆபத்து. இவர்களுக்கு மின்கார் என்றால் வாரம் இரண்டு முறை பொது சார்ஜரைத் தேடிப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது. செய்யலாம், ஆனால் அதை வசதி என்று சொல்ல முடியாது.

பில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் மின்கார் செலவைக் கணக்கிடும்போது பலரும் தவறவிடுவது நம் வீட்டு மின்கட்டணத்தின் படிக்கட்டு. அட்டையில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். காருக்குப் போகும் யூனிட், முதலில் வரும் நூறு இலவச யூனிட்டில் சேராது. வீட்டுச் செலவின் தலைக்கு மேல், உச்சிப் படியில் போய் உட்காரும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காரை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் என்றால், இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 300 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் ஓட்டும் குடும்பத்துக்கு, 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 1,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்த பில் 700 யூனிட்டில் 3,900 ரூபாயை ஒட்டிப் போய் நிற்கும். 500 யூனிட் எல்லையைத் தாண்டியதுமே கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் பறிபோவதால், கார் குடித்த யூனிட்டுக்கு ஏறத்தாழ 9 ரூபாய் ஆகிறது. பில்லைப் பார்த்ததும் வீட்டில் திக்கென்று இருக்கும். ஆனால் பெட்ரோல் கணக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நகருக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் அந்த 2,000 கிலோமீட்டருக்கு 133 லிட்டர் குடிக்கும். சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய விலையில், 13,000 ரூபாய்க்கு மேல். மின்சாரத்துக்குக் கூடுதலாகக் கட்டியது 2,700. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. இரண்டு ஏசி ஓடி, 1,000 யூனிட்டைத் தாண்டிய வீடாக இருந்து, யூனிட் 11 ரூபாய் 80 காசு என்ற உச்ச விலையில் விழுந்தாலும் இரண்டு ரூபாயைத் தொடாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 ரூபாய் மிச்சம்.

பிளக் இல்லாதவரின் கணக்கு வேறு. பொது வேக சார்ஜர்களில் யூனிட் 20 ரூபாயை ஒட்டியும் அதைத் தாண்டியும் போகிறது. அதில் 18 சதவீத ஜிஎஸ்டியும் அடக்கம். கிலோமீட்டருக்கு மூன்றிலிருந்து நான்கு ரூபாய். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18, 20 கொடுக்கும் பெட்ரோல் காருக்கு ஐந்து, ஐந்தரை ரூபாய் ஆகிறது. இடைவெளி சுருங்கிவிட்டது. மின்காரை வாங்கும்போது 5 சதவீத ஜிஎஸ்டி; அதற்கு மின்சாரம் ஏற்றும் சேவைக்கு 18 சதவீதம். பணக்காரரின் தனி வீட்டில் மின்சாரம் மலிவு, தெருவில் நிறுத்துபவருக்கு அதே மின்சாரம் இரண்டு மடங்கு.

விலை வித்தியாசமும் இருக்கிறது. ஒரே மாடலின் பெட்ரோல் வடிவத்துக்கும் மின் வடிவத்துக்கும் இடையே சில லட்சங்கள் இடைவெளி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, மின்காரின் வரிச் சலுகை அப்படியே இருந்தும் அதன் விலைக் கவர்ச்சி ஒரு படி இறங்கிவிட்டது. மூன்று லட்சம் கூடுதலாகக் கொடுத்து ஆண்டுக்கு 60,000 மிச்சம் பிடிப்பவருக்குப் போட்ட பணம் ஐந்து ஆண்டில் திரும்பும். பொது சார்ஜரை நம்பி, ஆண்டுக்கு அதில் பாதி மிச்சம் பிடிப்பவருக்குப் பத்து ஆண்டு. மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஓய்வூதியருக்கு, வாசலில் பிளக் இருந்தாலும், அந்தப் பணம் திரும்ப அதைவிட நீண்ட காலம் ஆகும்.

இந்த இடைவெளியை மறைக்க நிறுவனங்கள் புதுவழி கண்டுபிடித்திருக்கின்றன. 2024 செப்டம்பரில் எம்ஜி தன் விண்ட்சர் காரை 9.99 லட்சத்துக்கு அறிவித்தது. பேட்டரி அதில் சேராது. அதற்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் வாடகை. வீட்டு மின்சாரச் செலவையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் ஆகிறது. பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. விலைப் பலகையில் குறைந்தது மாதத் தவணையில் திரும்பி வருகிறது.

பராமரிப்பில் மின்காருக்கே வெற்றி. ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் தேயாது, பெல்ட் அறுந்துபோகாது. எடை கூடுதல் என்பதால் டயர் மட்டும் சீக்கிரம் தேயும். ஆனால் கோளாறு வந்தால் தெருமுனை மெக்கானிக் கையை விரித்துவிடுவார். எல்லா உதிரி பாகமும் கிடைக்கும் சென்னைப் புதுப்பேட்டையிலும் மின்காரின் கன்ட்ரோலர் கிடைக்காது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போயாக வேண்டும். பெருநகரத்தில் அது சாதாரணம். பரமக்குடியிலும் சங்கரன்கோவிலிலும் இருப்பவருக்கு அரைநாள் பயணம்.

பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் என்பது பொதுவான நடைமுறை. சில நிறுவனங்கள் முதல் உரிமையாளருக்கு வாழ்நாள் உத்தரவாதமே கொடுக்கின்றன. ‘முதல் உரிமையாளருக்கு’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்குபவருக்கு அந்த வாழ்நாள் கிடையாது. விற்கும்போது விலை அடிபடுவதற்கு அது ஒரு காரணம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கார் மாற்றும் பழக்கமுள்ளவர் இந்த நட்டத்தையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சென்னைக் கார் கட்டுரை முடியாது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை நாடே பார்த்தது. பெட்ரோல் காரோ மின்காரோ, வெள்ளத்தில் மூழ்கினால் இரண்டுக்கும் கேடுதான். மின்கார் பேட்டரிகள் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் தரத்தில் மூடப்பட்டிருப்பதால் ஓட்டும்போது ஷாக் அடிக்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் நீர் புகுந்த காரைப் பரிசோதிக்காமல் சார்ஜில் போடக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சில பகுதிகளில் மின்சாரம் திரும்பவே நாட்கள் ஆயின. எச்சரிக்கை வந்த அன்றே முழுக்கச் சார்ஜ் போட்டு மேட்டில் நிறுத்துவதுதான் வழி.

யார் வாங்கலாம்?

மின்கார் என்றதும் நார்வேயைக் காட்டுவார்கள். 2024-ல் அங்கே விற்ற புதிய கார்கள் நூற்றில் 89 மின்கார்கள். பனியில் உறைந்து கிடக்கும் நாட்டிலேயே ஓடும்போது இங்கே ஏன் ஓடாது என்பார்கள். நார்வேயில் பெட்ரோல் காருக்கு வரி மிகக் கடுமை, அருவி மின்சாரம் ஏராளம் என்பதெல்லாம் தெரிந்த காரணங்கள். அதிகம் பேசப்படாத ஒன்று, அங்கே அடுக்கக வீட்டுக்காரர் சார்ஜர் வைக்கக் கேட்டால் சங்கம் தகுந்த காரணமின்றி மறுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

இங்கே மத்திய அரசின் வழிகாட்டுதல், வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கிறது. மாதிரிக் கட்டட விதிகள் புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 சதவீத இடத்துக்குச் சார்ஜிங் வசதி வேண்டும் என்று 2019-லேயே பரிந்துரைத்தன. இருபது ஆண்டுக்கு முன் கட்டிய நான்கு மாடிக் கட்டடத்துக்கு இவை எதுவும் உதவாது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022 இருக்கிறது. சொந்தப் பார்க்கிங் உள்ளவர், சொந்தச் செலவில், மின்வாரியப் பொறியாளர் ஒப்புதலோடு சார்ஜர் வைத்தால் சங்கம் தடுக்கக் கூடாது என்று அதன் விதிகளில் ஒரு வரி தெளிவாக எழுதினால் போதும். அரசுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. காருக்கான மின்சாரத்தைத் தனி மீட்டரில், நள்ளிரவுக்குக் குறைந்த விலையில் கொடுப்பதும், தெருவோரக் கார்களுக்கு மாநகராட்சி வாகன நிறுத்தங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் மெதுவான சார்ஜர்கள் வைப்பதும் அடுத்த வேலைகள். ஷோரூம் விலையில் தரும் சலுகை, ஏற்கெனவே வாசலும் பிளக்கும் உள்ளவருக்கே பெரிதும் போய்ச் சேருகிறது.

அதுவரைக்கும் தீர்ப்பு இதுதான். சொந்த வாசலும் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டமும் உள்ளவர் மின்கார் வாங்கலாம். வீட்டில் இன்னொரு பெட்ரோல் கார் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒரே கார், அதிலேயே அடிக்கடி நெடுந்தூரம் என்றால் பெரிய பேட்டரி வாங்கும் வசதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைபிரிட் காரோ சிஎன்ஜியோ கைகொடுக்கும். தெருவில் நிறுத்துபவரும், குறைவாக ஓட்டுபவரும் இப்போதைக்குக் காத்திருப்பதில் குற்றமில்லை.

வாங்குவதென்று முடிவு செய்தவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் மூன்று வேலைகளை முடித்துவிட வேண்டும். கடைசி ஆறு மின்கட்டண பில்களை எடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் 300 யூனிட் கூட்டிப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தையும் மின்பளுவையும் சோதிக்க வேண்டும். அடுக்ககத்தில் இருப்பவர் சங்கத்திடமிருந்து எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.